உச்சிப்புளியில் நிற்கும் கப்பல்: கடற்படைக்கு ஓர் எளிய அறிமுகம்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் செல்லும் பஸ் ராமநாதபுரத்தைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் பனைமரங்கள் வரத் தொடங்கும். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, கண்ணில் படாது. காற்றில் மட்டும் உப்பு வாடை வரும். அந்தச் சாலையில் உச்சிப்புளியைக் கடக்கும்போது, உடன் வந்த என் அக்காள் மகன் ஜன்னலோரம் எழுந்து நின்றுவிட்டான். பத்தாம் வகுப்பு படிக்கிறான். "சித்தி, ஐ.என்.எஸ். பருந்து என்று எழுதியிருக்கிறதே, ஐ.என்.எஸ். என்றால் கப்பல்தானே? கப்பல் எங்கே?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. ஐ.என்.எஸ். என்பது 'இந்தியன் நேவல் ஷிப்', அதாவது இந்தியக் கடற்படைக் கப்பல் என்பதன் சுருக்கம். உச்சிப்புளியில் இருப்பதோ ஒரு விமானத் தளம். ஹெலிகாப்டர்களும் ஆளில்லா விமானங்களும் அங்கிருந்து கிளம்பிப் பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் கண்காணிக்கின்றன. தண்ணீரில் மிதக்கும் எதுவும் அங்கே இல்லை. ஆனாலும் கடற்படையின் கணக்கில் அது ஒரு கப்பல்தான்.

இந்த வழக்கம் பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து வந்தது. அந்தக் காலச் சட்டப்படி, ஏதாவது ஒரு கப்பலின் பேரேட்டில் பெயர் உள்ளவர் மீதுதான் கடற்படை ஒழுங்குச் சட்டம் செல்லுபடியாகும். கரையில் இருக்கும் பயிற்சிப் பள்ளியிலோ பண்டகசாலையிலோ வேலை பார்ப்பவரை என்ன செய்வது? அந்தக் கட்டடத்துக்கே கப்பல் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பெயரோடு பேச்சும் வந்தது. இன்றும் இத்தகைய தளங்களில் தரையை 'டெக்' என்பார்கள், சமையற்கூடத்தை 'கேலி' என்பார்கள், வாசலைத் தாண்டி ஊருக்குள் போவதைக் 'கரைக்குப் போகிறேன்' என்பார்கள்.

இதிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். மதுரைப் பக்கத்தில் கடற்படை என்றதும் நம் மனத்தில் வருவது வெள்ளைச் சீருடையும் நடுக்கடலில் பீரங்கி முழங்கும் கப்பலும்தான். ஆனால் ஒரு கப்பல் கடலில் ஒரு மாதம் ஓட வேண்டுமென்றால் கரையில் பட்டறை வேண்டும், எரிபொருள் கிடங்கு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், மருத்துவமனை வேண்டும், செய்தி அனுப்பும் நிலையம் வேண்டும். கடற்படையின் பெரும்பகுதி கரையில்தான் இருக்கிறது. அதில் கணிசமான பங்கு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி 1992 முதல் இயங்கும் கடற்படை விமான நிலையம்; நீர்மூழ்கிகளைத் தேடும் பெரிய ரோந்து விமானங்கள் அங்கிருந்துதான் வங்கக் கடலுக்கு மேலே பறக்கின்றன. சென்னையில் ஐ.என்.எஸ். அடையாறு இருக்கிறது. எல்லாவற்றிலும் என்னை வியக்க வைப்பது, திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணத்தில் 1990 முதல் நிற்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன்.

அதன் வேலையைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். நாம் செல்பேசியிலும் வானொலியிலும் பயன்படுத்தும் சாதாரண அலைகள் உப்புநீருக்குள் புகுவதில்லை, மேற்பரப்பிலேயே அடங்கிவிடும். அப்படியானால் கடலுக்கடியில் பல வாரங்கள் மறைந்திருக்கும் நீர்மூழ்கிக்கு டில்லியிலிருந்து எப்படிச் செய்தி சொல்வது? மேலே வந்து கேள் என்றால் எதிரியின் கண்ணில் பட்டுவிடும். மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகள் மட்டும் சில பத்து மீட்டர் ஆழம் வரை தண்ணீருக்குள் இறங்கும். ஆனால் அலை நீளமாக நீளமாக, அதை அனுப்பும் ஆண்டெனாவும் பெரிதாக வேண்டும். அதனால்தான் பரந்த செம்மண் வெளி தேவைப்பட்டது, வானளாவும் கம்பங்கள் தேவைப்பட்டன. வெள்ளைக்காரனுக்குப் பணிய மறுத்துக் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரரின் பெயரில், நெல்லையின் காய்ந்த மண்ணில் நிற்கும் ஒரு 'கப்பல்', ஆழ்கடலில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறது. வேறெந்தப் போர்க்கப்பலின் பெயரைக் கேட்டாலும் எனக்கு இந்த அளவுக்குப் பெருமை வந்ததில்லை.

"சரி, நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? நாம்தான் மதுரையில் இருக்கிறோமே" என்றான் பையன். இதற்குப் பதில் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. ரேஷன் கடையில் வாங்கும் பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. இந்தியாவில் எரியும் சமையல் எரிவாயுவில் பாதிக்கும் மேல் இறக்குமதிதான். அதில் பெரும்பங்கு வளைகுடா நாடுகளிலிருந்து கடல்வழியே வருகிறது. எடைக்கணக்கில் பார்த்தால் நாட்டின் வெளிநாட்டு வாணிபத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் கடல்வழியாகத்தான் நடக்கிறது. அந்த வளைகுடாவின் குறுகிய வாசலான ஹோர்முஸ் நீரிணையில் ஒரு கப்பல் தடுக்கப்பட்டால், கீழமாசி வீதியில் எண்ணெய் விலை ஏறும். அந்த வழிகளைத் திறந்து வைத்திருப்பதும் கடற்படையின் வேலை. போர் நாட்களில் மட்டும் நடக்கும் வேலை அன்று இது. ஆண்டு முழுவதும் நடப்பது.

அந்த வேலை எதுவரை? கடலுக்கு எல்லைக்கல் நட முடியாது. ஆனால் சட்டம் கோடு போட்டிருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. மீனாட்சி அம்மன் கோயிலையும் அதைச் சுற்றிய வீதிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். மதிலுக்குள்ளேயே இருக்கும் ஆடி வீதியைப்போல, கரைக்கோட்டுக்கு உள்ளே இருக்கும் நீர் முழுக்க முழுக்க நம்முடையது. மதிலுக்கு வெளியே முதல் சுற்றான சித்திரை வீதியைப்போல, கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் ஆட்சி எல்லைக்குட்பட்ட கடல். அங்கே அயல்நாட்டுக் கப்பல் தொந்தரவு செய்யாமல் கடந்து போகலாம். நின்று வேறு வேலை பார்க்க முடியாது. அடுத்து ஆவணி மூல வீதி: 24 கடல் மைல் வரை. அங்கே கடத்தலையும் சட்டவிரோதக் குடியேற்றத்தையும் தடுக்கும் அதிகாரம் நமக்கு உண்டு. அடுத்த மாசி வீதி மிகப் பெரிய சுற்று: 200 கடல் மைல் வரை. அங்குள்ள மீனும், அடியிலுள்ள எண்ணெயும் எரிவாயுவும் நமக்குரியவை; ஆனால் கப்பல் போக்குவரத்து எல்லோருக்கும் பொது. அதையும் தாண்டிவிட்டால் உலகத்தார் அனைவருக்கும் பொதுவான கடல். இந்தியா இதையெல்லாம் 1976-ல் சட்டமாக்கியது.

கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். பூமியில் வடக்கு தெற்காகச் செல்லும் தீர்க்கரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் தூரம் அது. வரைபடத்தையும் விண்மீனையும் வைத்து வழி கண்டவர்களுக்கு அந்த அளவுதான் கைக்கு வசதியாக இருந்தது. 12 கடல் மைல் என்றால் 22 கிலோமீட்டர், மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஒட்டியது. 200 கடல் மைல் என்றால் 370 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டால் திண்டிவனத்தைத் தாண்டிவிடுவோம். கப்பலின் வேகத்தைச் சொல்லும் 'நாட்' என்பது மணிக்கு ஒரு கடல் மைல்.

இந்த வீதிக் கணக்கு ராமேஸ்வரத்துப் பக்கம் செல்லாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 30 கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. இரண்டு நாடுகளும் தலா 12 கடல் மைல் கேட்டால் கடல் போதாது. அதனால் 1974-லும் 1976-லும் செய்த ஒப்பந்தங்களில் நடுவே கோடு போட்டார்கள். கச்சத்தீவு அந்தக் கோட்டின் மறுபுறம் போனது. தலைமுறை தலைமுறையாக மீன் எங்கே திரிகிறதோ அங்கே போன மக்களுக்கு, ஒரு காகிதக் கோடு திடீரென்று தொழிலின் நடுவில் வந்து விழுந்தது. நாளிதழில் மாதந்தோறும் படிக்கும் 'மீனவர்கள் கைது' செய்தியின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தச் செய்திகளில் வரும் 'கடற்படை' இலங்கைக் கடற்படை. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மண்டபத்தில் பார்க்கும் இந்தியக் கடலோரக் காவல்படை வேறு, கடற்படை வேறு. கடலோரக் காவல்படை 1978-ல் தனிச் சட்டத்தால் அமைந்தது. கடத்தல் தடுப்பு, மீனவர் மீட்பு, எண்ணெய்க் கசிவு போன்றவை அதன் முதன்மை வேலைகள். கரையை ஒட்டிய பகுதியில் மாநிலக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் படகில் சுற்றுகிறது. 2008 நவம்பரில் மும்பைக்குள் கடல்வழியே பயங்கரவாதிகள் புகுந்த பிறகு, இந்த மூன்றையும் இணைத்து ஒட்டுமொத்தக் கடல் பாதுகாப்புக்கான பொறுப்பைக் கடற்படையிடம் கொடுத்தார்கள்.

இனி வரலாறு. பாண்டியரின் கொடியில் மீன் இருந்ததை நாம் எல்லோரும் அறிவோம். மலையும் வயலும் சூழ்ந்த ஊரில் இருந்து ஆண்டவர்கள் மீனைச் சின்னமாக வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய செல்வம் கொற்கையில் எடுத்த முத்தில் இருந்தது. வைகை கடலோடு சேரும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் நடந்த அகழாய்வில் ரோமானிய நாணயங்களும் மண்பாண்டங்களும் கிடைத்தன; ஒரு பானை ஓட்டில் கப்பலின் உருவமே கீறப்பட்டிருக்கிறது. அந்த அழகன்குளம் உச்சிப்புளியிலிருந்து சிறிது தூரம்தான். பருந்து தளத்தின் விமானங்கள் பறக்கும் அதே கரையில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் வந்து நின்ற கப்பலைப் பார்த்துப் பானையில் வரைந்திருக்கிறார்.

சோழர் கதை எல்லோருக்கும் தெரியும்: 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் வங்கக் கடலைக் கடந்து கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கின. ஆனால் இதைச் சொல்லும்போது கவனமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சம்பளப் பட்டியல், பதவி வரிசை, பயிற்சிப் பள்ளி ஆகியவற்றோடு ஆண்டு முழுவதும் தயாராக நிற்கும் இன்றைய வகைக் கடற்படை அது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சாதனையின் பெருமை இதனால் குறையாது. வணிகரின் கப்பலையும் கடலோடிகளின் அறிவையும் ஓர் அரசு திரட்டிப் போருக்கு அனுப்ப முடிந்தது என்பதே பெரிய செய்தி. பின்னாளில் மேற்குக் கரையில் கோழிக்கோட்டு மன்னரின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களும், சிவாஜியும், மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயும் கடலில் போராடினார்கள்.

இன்றைய கடற்படை தன் நிறுவன வரலாற்றை 1612-லிருந்து எண்ணுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் வணிகக் கப்பல்களைப் போர்ச்சுகீசியரிடமிருந்து காக்கச் சூரத்துக்கு அருகே ஒரு சிறு படையை நிறுத்திய ஆண்டு அது. பிறகு பம்பாய் மரைன், ராயல் இந்தியன் மரைன் என்று பெயர்கள் மாறி, 1934-ல் ராயல் இந்தியக் கடற்படை ஆனது. மூன்று நூற்றாண்டுகளாக இந்தியர்கள் அதில் மாலுமிகளாக உழைத்தார்கள். ஆனால் ஓர் இந்தியர் அதிகாரியாகச் சேர்ந்தது 1928-ல்தான்.

கடலில் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் மொழியே நினைவில் வைத்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அடுத்த நாட்களில் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரை விட்டு ஓடினார்கள். ஒற்றைக் கப்பல், சில நிமிடங்கள். ஒரு பெருநகரமே கலைந்தது. எம்டன் அதே ஆண்டு நவம்பரில் அழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் சாமர்த்தியமும் துணிச்சலும் உள்ளவனை 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். அந்தக் கப்பலைப் பார்த்தேயிராத ஊர்களிலும் அந்தச் சொல் வாழ்கிறது.

வரலாற்றில் நான் நிறுத்திச் சொல்ல விரும்பும் இடம் 1946 பிப்ரவரி 18. பம்பாயில் 'தல்வார்' என்ற கப்பலில் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தல்வாரும் மிதக்காத கப்பல்தான். கரையில் இருந்த தொலைத்தொடர்புப் பயிற்சிப் பள்ளி. கெட்டுப்போன உணவு, வெள்ளை மாலுமிகளோடு ஒப்பிட்டால் குறைந்த சம்பளம், இந்தியர்களை இழிவாகப் பேசிய மேலதிகாரி என்று மனக்குறைகள் சேர்ந்திருந்தன. அப்போது டில்லிச் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தார் மீது நடந்த வழக்கும் நாட்டைக் கொதிக்க வைத்திருந்தது. செய்தி அனுப்புவதே அவர்களின் தொழில் என்பதால், வேலைநிறுத்தம் வானொலி வழியே கராச்சிக்கும் சென்னைக்கும் மற்றத் துறைகளுக்கும் பரவியது. 78 கப்பல்கள், 20 கரைத் தளங்கள், ஏறத்தாழ 20,000 மாலுமிகள். கப்பல்களில் பிரிட்டிஷ் கொடி இறங்கி, காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் ஒன்றாக ஏறின. பம்பாய்த் தெருக்களில் ஆதரவாக இறங்கிய மக்களில் 200-க்கும் மேற்பட்டோர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.

தலைவர்கள் அறிவுரை சொன்ன பிறகு பிப்ரவரி 23 அன்று மாலுமிகள் சரணடைந்தார்கள். பலர் வேலையிழந்தார்கள். சுதந்திர இந்தியா அவர்களைக் கொண்டாடத் தயங்கியது என்பது என் ஆற்றாமை. இந்தியச் சிப்பாயையும் மாலுமியையும் நம்பி இனி ஆள முடியாது என்று பிரிட்டிஷ் அரசுக்குக் காட்டியவர்களில் அவர்களுக்கு முக்கியமான இடம் உண்டு. பள்ளிப் பாடத்தில் இதற்கு ஒரு பக்கமாவது கொடுக்க வேண்டும்.

1947-ல் நாடு பிரிந்தபோது கப்பல்களும் பிரிந்தன. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இந்தியாவுக்கு, ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு. நமக்குக் கிடைத்தவை 32 பழைய கப்பல்களும் 11,000 பேரும். 1950 ஜனவரி 26 அன்று 'ராயல்' என்ற சொல் உதிர்ந்து இந்தியக் கடற்படை ஆனது. ராணுவத்துக்கு 1949-லும் விமானப்படைக்கு 1954-லும் இந்தியத் தளபதி வந்துவிட்டார். கடற்படைக்கு 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, மூத்த இந்திய அதிகாரிகளே இல்லாததால். அந்த ஆண்டு ஏப்ரல் 22 அன்று பொறுப்பேற்ற முதல் இந்தியத் தலைமைத் தளபதி ராம் தாஸ் கட்டாரி. பிறந்த ஊர் செங்கல்பட்டு. இதை வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

1971 போரில்தான் கடற்படை நாட்டின் கண்ணில் பெரிதாகத் தெரிந்தது. டிசம்பர் 4 இரவில் நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று சிறு ஏவுகணைப் படகுகள் கராச்சியை நெருங்கிப் பாகிஸ்தானின் கைபர், முகாபிஸ் என்ற போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. கரையோரக் காவலுக்காக வாங்கிய குட்டிப் படகுகளை எதிரியின் வாசலுக்கே கொண்டுபோன துணிச்சல் அது. அதனால்தான் டிசம்பர் 4 கடற்படை நாள். கிழக்கே விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்கள் சிட்டகாங் துறைமுகத்தைத் தாக்கின. அந்த விக்ராந்தைத் தேடி வந்த காஸி என்ற நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிப்போனது. நமக்கும் இழப்பு இருந்தது. டிசம்பர் 9 அன்று ஐ.என்.எஸ். குக்ரி தாக்கப்பட்டு மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் கப்பலை விட்டு வெளியேறவில்லை.

இதன் பிறகு அமைப்பைப் பார்த்தால் எளிதாகப் புரியும். குடியரசுத் தலைவர் முப்படைகளுக்கும் உச்சத் தலைவர். நடைமுறையில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் டில்லியில் கடற்படைத் தலைமையகம் இருக்கிறது. அட்மிரல் பதவியில் உள்ள தலைமைத் தளபதி அதை நடத்துகிறார். அவருக்குக் கீழே துணைத் தலைமைத் தளபதியும், ஆட்களைக் கவனிக்க ஒருவரும், கப்பல் கருவிகளைக் கவனிக்க ஒருவருமாக மூத்த அதிகாரிகள் இருக்கிறார்கள். நாட்டின் கடலை மூன்று கட்டளையகங்கள் பகிர்ந்துகொள்கின்றன. மும்பையில் மேற்கு, விசாகப்பட்டினத்தில் கிழக்கு, கொச்சியில் தெற்கு. மேற்கிலும் கிழக்கிலும் போர்க்கப்பல் தொகுதிகள் நிற்கின்றன. தெற்குக் கட்டளையகத்தின் முதன்மை வேலை பயிற்சி. நாம் தெற்கே இருந்தாலும் தமிழ்நாட்டுக் கரை விசாகப்பட்டினத்தின் பொறுப்பில் வருகிறது. சென்னையில் அதற்கென ஒரு கொடி அதிகாரி, அதாவது அட்மிரல் வரிசையைச் சேர்ந்த ஒருவர், இருக்கிறார். அந்தமானில் மட்டும் 2001 முதல் மூன்று படைகளும் ஒரே தளபதியின் கீழ் இயங்குகின்றன.

கப்பல் வகைகளைப் பட்டியலிட்டுக் குழப்ப வேண்டாம். கள்ளழகர் மதுரைக்கு வரும் காட்சியை நினைத்துக்கொண்டால் போதும். அழகர் தனியே வருவதில்லை. முன்னே தீப்பந்தம் பிடிப்பவர்கள், தண்ணீர் பீய்ச்சுபவர்கள், சுற்றிலும் காவல், வழியெல்லாம் மண்டகப்படி. விமானந்தாங்கியும் அப்படித்தான் கிளம்பும். வானிலிருந்து வரும் ஆபத்தைத் தடுக்க 'டெஸ்ட்ராயர்' எனப்படும் நாசகாரிக் கப்பல்கள், நீருக்கடியில் தேட 'ஃபிரிகேட்' கப்பல்கள், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு நீர்மூழ்கி. மண்டகப்படிக்குப் பதிலாக எரிபொருளும் உணவும் சுமந்து கூடவே ஓடும் டாங்கர் கப்பல். ஓடிக்கொண்டே குழாய் நீட்டி எண்ணெய் மாற்றுவார்கள். 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் படையில் சேர்ந்த புதிய ஐ.என்.எஸ். விக்ராந்த் 262 மீட்டர் நீளம், ஏறத்தாழ 45,000 டன். மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்திலிருந்து மேற்குக் கோபுரம் வரை உள்ள தூரத்தை மனத்தில் வையுங்கள். ஏறக்குறைய அவ்வளவு நீளமுள்ள இரும்புத் தளம் ஒன்று கடலில் நகர்கிறது. அதில் சுமார் 1,600 பேர் வாழ்கிறார்கள். குடிநீரைக் கடல்நீரிலிருந்தே பிரித்தெடுக்கிறார்கள்.

அவ்வளவு பேருக்கும் இரவு பகல் என்று வேலை ஓய்வதில்லை. மரபுப்படி காவல் முறை நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. 24 மணி நேரத்தை நான்கால் வகுத்தால் ஆறு முறைகள் வரும். ஆறு இரட்டைப்படை எண். இரண்டு குழுக்கள் மாறி மாறி நின்றால், நள்ளிரவுக் காவல் தினமும் ஒரே குழுவின் தலையில்தான் விழும். அதனால் மாலை 4 முதல் 8 வரை உள்ள முறையை மட்டும் இரண்டு இரண்டு மணி நேரமாக உடைத்தார்கள். முறைகள் ஏழாகி, குழுக்களின் நேரம் நாள்தோறும் மாறத் தொடங்கியது. இதைப் பையனிடம் சொன்னபோது பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்துச் சரிதான் என்றான். நூற்றாண்டுகளுக்கு முன் பாய்மரக் கப்பலில் யாரோ கண்ட நியாயம் அது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

பதவிகளில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ராணுவத்துக் கேப்டனும் கடற்படைக் கேப்டனும் ஒரே தரத்தவர் அல்லர். கடற்படைக் கேப்டன் ராணுவத்தில் கர்னலுக்குச் சமம். ராணுவக் கேப்டன் கடற்படையில் லெப்டினன்டுக்குச் சமம். கடற்படை அதிகாரி சப்-லெப்டினன்டில் தொடங்கி, லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர், கேப்டன், கமோடோர் என்று ஏறி, ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல், அட்மிரல் வரை செல்லலாம். இன்னொன்று: கப்பலை நடத்துபவரின் பதவி எதுவானாலும் அவர்தான் அந்தக் கப்பலின் கமாண்டிங் அதிகாரி. சிறு கப்பல் என்றால் லெப்டினன்ட் கமாண்டரே அந்தப் பொறுப்பில் இருப்பார். மாலுமிகளின் வரிசை தனி; லீடிங், பெட்டி ஆபிசர், சீஃப் பெட்டி ஆபிசர், மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபிசர் என்று அது ஏறும். எஞ்சினும் ரேடாரும் ஓடுவது இவர்களின் கையில்தான்.

விடியற்காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடும் இளைஞர்களில் சிலர் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சேரும் வழியையும் சொல்லிவிடுகிறேன். மாலுமியாகச் சேரும் முதல் வழி 2022 முதல் அக்னிபத் திட்டத்தில் 'அக்னிவீர்' ஆவது. பதினேழரை வயதிலிருந்து 21 வரை சேரலாம். ஆண், பெண் இருவருக்கும் வாய்ப்பு உண்டு. கணினித் தேர்வு, ஓட்டம் உள்ளிட்ட உடல்தகுதித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைத் தாண்டினால் ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி. பணி நான்கு ஆண்டு. அதன்பின் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள். எஞ்சியவர்கள் ஒரு தொகையோடு வெளியே வர வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு, வீட்டில் பேசி முடிவெடுத்துச் செல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். அதிகாரி ஆவதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு எழுதலாம், பட்டம் பெற்ற பின்னும் வழிகள் உண்டு. கடற்படைப் பயிற்சி கேரளத்தில் எழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாடமியில் நடக்கும். பெண்கள் 1992 முதல் அதிகாரிகளாக இருக்கிறார்கள். 2024 அக்டோபரில் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் கிளம்பி, 2025 மே மாதம் உலகைச் சுற்றி முடித்த இரு அதிகாரிகளும் பெண்கள்; அவர்களில் ஒருவர் புதுச்சேரிக்காரர். நம் ஊரில் விளம்பரம் ஒட்டிப் பணம் கேட்டு 'வேலை வாங்கித் தருகிறேன்' என்பவரை நம்ப வேண்டாம். விண்ணப்பம் அரசின் இணையதளத்தில்தான்.

"நீச்சல் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டான். தெரிந்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பயிற்சியில் கற்றுத் தருவார்கள் என்றேன். அழகர்கோயில் பக்கத்துக் கிணற்றில் அவன் தாத்தா இடுப்பில் கயிறு கட்டி அவனைத் தள்ளிவிட்டதை நினைவுபடுத்தினேன். சிரித்தான்.

போர் இல்லாத நாட்களில் கடற்படை செய்யும் வேலையை மட்டும் இங்கே நான் குறைத்துச் சொல்லிவிட்டேன். 2004 டிசம்பரில் சுனாமி நம் கரையை வாரிச் சென்றபோது, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 'மதத்' என்ற பெயரில் மீட்புப் பணி நடந்தது. தன் நாடும் அடிபட்டிருந்த அதே நேரத்தில் கடற்படை இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பல் அனுப்பியது. 2008 முதல் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் பணி நடந்து வருகிறது. 2024 மார்ச்சில் 'ரூவன்' என்ற கப்பலில் சிறைபட்டிருந்த 17 பேரை மீட்டு, 35 கொள்ளையரைப் பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்தார்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும்போது இருட்டிவிட்டது. உச்சிப்புளியில் விளக்குகள் மட்டும் தெரிந்தன. உண்மையான நீர்மூழ்கிக்குள் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டான். முடியும். 1969-ல் படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். குர்சுரா ஓய்வு பெற்ற பிறகு, 2002-ல் விசாகப்பட்டினம் கடற்கரையில் அப்படியே தூக்கி நிறுத்தப்பட்டு அருங்காட்சியகமாக இருக்கிறது. நீளம் 91 மீட்டர். குனிந்து நுழைய வேண்டும். படுக்கைகளுக்குப் பக்கத்திலேயே, நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டார்பிடோவை ஏவும் குழாய்களைப் பார்க்கலாம். மே மாத விடுமுறைக்கு இரண்டு ரயில் டிக்கெட் முன்பதிவு செய்திருக்கிறேன்.